வீட்டிலே செய்யும் இறைச்சிப் பற்றிஸ்: சுவையும் சுகமும்

எமது வீடுகளில் நடைபெறும் எந்த விசேடத்தை எடுத்துக்கொண்டாலும், பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுதல், பாடசாலை விளையாட்டுப் போட்டி என எதுவாக இருந்தாலும், தேநீரோடு ஒரு தட்டில் பற்றிஸ், ரோல்ஸ், கட்லட் ஆகியவை வந்தே தீரும். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் புட்டையும் இடியப்பத்தையும் ஒதுக்கினாலும் பற்றிஸை ஒதுக்குவதில்லை. ஆகவே "பற்றிஸ் சாப்பிடாதீர்கள்" என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. அதை வீட்டிலேயே, எண்ணெயைக் குறைத்து, உள்ளீட்டை மாற்றி, பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

பற்றிஸ் வந்த வழி

மாவுக்குள் இறைச்சியை மூடிச் சமைப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். எமது சமோசா, தென்னமெரிக்காவின் எம்பனாடா, இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் சுரங்கத் தொழிலாளர்கள் மதிய உணவாகக் கொண்டு சென்ற பாஸ்ரி எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கோல்ரூத் என்று நோர்வேயில் நாம் அழைக்கும் மஞ்சள் கிழங்கு ஆகிய நான்கும்தான் கோர்ன்வால் பாஸ்ரியின் உள்ளீடு. 2011 ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் பெயருக்குப் புவியியல் பாதுகாப்பும் வழங்கியது.

இலங்கைக்கு இவ்வகைப் பலகாரங்கள் ஐரோப்பியர்களோடு வந்தவை. 1505 இல் போர்த்துக்கேயர் வந்தனர். 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. அதன்பின் 1796 முதல் ஆங்கிலேயர் ஆண்டனர். பாண், போறணை, குசினி போன்ற சொற்கள் போர்த்துக்கேய மொழியிலிருந்து எமக்குக் கிடைத்தவை. ஊர் வெதுப்பகங்களில் போறணையில் வெந்தவையும், வீடுகளில் தாச்சியில் பொரித்தவையும் என இரண்டு வகைப் பற்றிஸும் எமக்குப் பழக்கமானவையே. எனவே போறணையில் வைத்துச் செய்வது நோர்வேயில் கண்டுபிடித்த புதுமை அல்ல. மறந்துபோன ஒரு வழக்கத்துக்குத் திரும்புவதே ஆகும்.

ஏன் நாம் கவனமெடுக்க வேண்டும்?

2000 ஆம் ஆண்டு ஒஸ்லோவின் ரொம்சோஸ், ஃபுறுசெத் பகுதிகளில் 30 முதல் 67 வயதுவரை உள்ளவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதில் கலந்துகொண்ட தெற்காசியப் பெண்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 27 பேருக்கும், ஆண்களில் 14 பேருக்கும் நீரிழிவு நோய் (சலரோகம்) இருப்பது கண்டறியப்பட்டது. அதே பகுதியில் வாழ்ந்த மேற்கு நாட்டவர்களில் இது பெண்களில் 3 ஆகவும் ஆண்களில் 6 ஆகவும் மட்டுமே இருந்தது.

2002 ஆம் ஆண்டு ஒஸ்லோவில் குடியேறியோரிடம் நடத்தப்பட்ட சுகாதார ஆய்வில் இலங்கையர்களும் சேர்க்கப்பட்டனர். ஒரே உடற்பருமன் அளவுள்ள மற்றவர்களோடு ஒப்பிடும்போது, இலங்கையரிலும் பாகிஸ்தானியரிலும் இடுப்பைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வது கூடுதலாக இருந்தது. அதாவது, பார்வைக்கு மெலிந்தவராகத் தெரியும் எமது அண்ணருக்கும் வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கலாம். அந்த வயிற்றுக் கொழுப்பே நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் வழிகோலுகின்றது. இதனால்தான் தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்று ஐரோப்பிய ஆண்களை விடக் குறைவாக வகுக்கப்பட்டுள்ளது. ஓர் அளவுநாடாவை எடுத்து இன்றே அளந்து பாருங்கள்.

ஒரு பற்றிஸினால் யாருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் சனிக்கிழமை ஒரு பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமை ஒரு சாமத்தியவீடு, அடுத்த வாரம் பிள்ளைகளின் கலைவிழா என்று வருடம் முழுவதும் ஓடும் எமது வாழ்க்கையில் பலகாரத் தட்டு ஒரு பழக்கமாகி விடுகின்றது. பழக்கம்தான் உடலை மாற்றுகின்றது.

கடையில் இறைச்சி வாங்கும்போது

நோர்வேக் கடைகளில் அரைத்த மாட்டிறைச்சி பெரும்பாலும் இரண்டு பெயர்களில் கிடைக்கும். 'ஷொட்டெய்' என்பதில் 100 கிராமில் 14 கிராம் வரை கொழுப்பு இருக்கலாம். 'கார்பொனாடடெய்' என்பதில் 6 கிராம் வரையே இருக்கும். விலை சற்றுக் கூடினாலும் பற்றிஸுக்கு இரண்டாவதே நல்லது. கொழுப்பு உருகி மாவை ஊறவைக்காததால் பற்றிஸும் மொறுமொறுப்பாக இருக்கும்.

பொதியின் பின்புறத்தையும் வாசியுங்கள். சில பொதிகளில் உப்பும் நீரும் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும். 100 கிராமுக்கு 1 கிராம் உப்பு இருந்தால், 400 கிராம் இறைச்சியில் 4 கிராம் உப்பை நீங்கள் வாங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். வளர்ந்த ஒருவர் ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய உப்பு 6 கிராமுக்கு மேற்படக் கூடாது. ஆகவே உள்ளீட்டைச் சமைத்து முடித்துச் சுவை பார்த்த பின்னரே உப்புப் போட வேண்டும்.

2009 முதல் நோர்வேயில் பாவனையில் உள்ள பச்சை நிறத் திறப்புத்துவார அடையாளம் (நொக்கல்ஹூல்) பொறிக்கப்பட்ட பொருட்களில், அதே வகையைச் சேர்ந்த மற்றப் பொருட்களை விடக் கொழுப்பு, சீனி, உப்பு ஆகியவை குறைவாகவும் நார்ச்சத்துக் கூடுதலாகவும் இருக்கும். மொழி தெரியாத அம்மம்மாவும் அடையாளத்தைப் பார்த்து வாங்கலாம்.

மாட்டிறைச்சி உண்ணாத வீடுகளில் அரைத்த கோழியிறைச்சியைப் பாவிக்கலாம். 2024 இல் வெளிவந்த நோர்வேயின் உணவு ஆலோசனைகளின்படி, மாடு, ஆடு, பன்றி ஆகிய சிவப்பு இறைச்சிகளைச் சமைத்த நிலையில் வாரத்துக்கு 350 கிராமுக்கு மேல் உண்ணாமல் இருப்பது நல்லது. கோழி இக்கணக்கில் வராது. சொசேச், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியை உள்ளீட்டில் சேர்க்காமல் விடுவதே சிறந்தது.

செய்முறை (ஏறத்தாழ 30 பற்றிஸ்)

மாவுக்குத் தேவையானவை:
கோதுமை மா 250 கிராம்
நன்றாக அரைத்த முழுக்கோதுமை மா (சம்மால்ட் வேத்தெ, ஃபீன்) 250 கிராம்
ரப்ஸ் எண்ணெய் 80 மில்லிலீற்றர்
முட்டை 1
வெதுவெதுப்பான நீர் 225 முதல் 250 மில்லிலீற்றர் வரை
பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி
தேசிக்காய்ச் சாறு 1 தேக்கரண்டி
உப்பு அரைத் தேக்கரண்டி

உள்ளீட்டுக்குத் தேவையானவை:
கொழுப்புக் குறைந்த அரைத்த இறைச்சி 400 கிராம்
அவித்த உருளைக்கிழங்கு 200 கிராம்
சிறிதாக வெட்டிய கரட்டும் லீக்ஸும் 150 கிராம்
பெரிய வெங்காயம் 1
உள்ளி 4 பல்லு, இஞ்சி ஒரு சிறு துண்டு
பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை ஒரு நெட்டு
கறித்தூள் 1 மேசைக்கரண்டி
மிளகுதூள், பெருஞ்சீரகத்தூள் தலா 1 தேக்கரண்டி
எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தேசிக்காய் பாதி

செய்யும் விதம்:

1. மா இரண்டையும் பேக்கிங் பவுடர், உப்பு ஆகியவற்றோடு கலந்து, எண்ணெயை ஊற்றி விரல்களால் பிசறுங்கள். முட்டையின் மஞ்சட்கருவையும் தேசிக்காய்ச் சாற்றையும் விட்டு, நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குழையுங்கள். வெள்ளைக்கருவை ஒட்டுவதற்கு எடுத்து வையுங்கள். முழுக்கோதுமை மா நீரை மெதுவாகவே உறிஞ்சும். ஆகவே ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விடவேண்டும். அவசரப்பட்டால் உருட்டும்போது மா வெடிக்கும்.

2. எண்ணெயில் வெங்காயம், உள்ளி, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி, இறைச்சியைப் போட்டு அகப்பையால் உதிர்த்து விடுங்கள். சிவப்பு நிறம் முற்றாக மறைந்து, விட்ட நீர் வற்றும்வரை நன்றாக வேகவேண்டும். பின்பு தூள்களையும் மரக்கறியையும் சேர்த்து 5 நிமிடம் கிளறி, மசித்த கிழங்கைப் போட்டு இறக்குங்கள். தேசிக்காயை இறக்கிய பின்னரே பிழியுங்கள்.

3. உள்ளீட்டை அகன்ற தட்டத்தில் பரப்பி ஆறவிடுங்கள். சூடான உள்ளீட்டை வைத்தால் நீராவி மாவை நனைத்து ஒட்டு விட்டுப்போகும்.

4. மாவை 30 உருண்டைகளாக்கி, 10 சென்ரிமீற்றர் அகலமான வட்டங்களாக மெல்லியதாக உருட்டுங்கள். நடுவில் ஒரு மேசைக்கரண்டி உள்ளீட்டை வைத்து, ஓரத்தில் வெள்ளைக்கருவைப் பூசி, பிறைபோல மடித்து, முள்ளுக்கரண்டியால் ஓரத்தை அழுத்துங்கள். மேலே முள்ளுக்கரண்டியால் ஒரு குத்துக் குத்தினால் நீராவி வெளியேறும்.

5. தட்டத்தில் பேக்கிங் பேப்பரை விரித்து அடுக்கி, மேலே சிறிது பால் பூசி, 200 பாகை சூட்டில் 20 முதல் 25 நிமிடம் வரை பொன்னிறமாகும்வரை போறணையில் வையுங்கள். எள்ளுத் தூவினால் வாசமாக இருக்கும்.

முதன்முறை செய்பவர்கள் முழுக்கோதுமை மாவை மூன்றில் ஒரு பங்காகத் தொடங்கலாம். வீட்டிலுள்ளவர்களின் நாக்குப் பழகிய பின்னர் பாதியாகக் கூட்டலாம்.

உள்ளீட்டை மாற்றிப் பாருங்கள்

ஆடும் கோவாவும்: நோர்வேஜியரின் தேசிய உணவான 'ஃபோரிகோல்' செம்மறியாட்டிறைச்சி, கோவா, முழு மிளகு ஆகிய மூன்றாலும் செய்யப்படுவது. 1972 இல் வானொலி நிகழ்ச்சி ஒன்றின் மூலம் தெரிவான இவ்வுணவு, 2014 இல் மீண்டும் தெரிவானது. இலையுதிர் காலத்தில் ஆட்டிறைச்சி மலிவாக வரும்போது, எலும்பின்றி மெதுவாக அவித்து, மேலே மிதக்கும் கொழுப்பை அகற்றி, இறைச்சியை உதிர்த்து, வதக்கிய கோவாவும் இடித்த மிளகும் கறிவேப்பிலையும் சேருங்கள். பிள்ளைகள் பாடசாலையில் கேள்விப்பட்ட உணவும் அப்பம்மாவின் கைப்பக்குவமும் ஒரே பற்றிஸில் சேரும்.

கோழியும் கோல்ரூத்தும்: உருளைக்கிழங்கின் பாதியை எடுத்துவிட்டு, சிறிதாக வெட்டி அவித்த கோல்ரூத்தைச் சேருங்கள். உருளைக்கிழங்கை விட மாச்சத்துக் குறைவு, விற்றமின் சி உண்டு, விலையும் மலிவு. அதன் இலேசான இனிப்புக்குப் பச்சை மிளகாய் சற்றுக் கூடுதலாகப் போடலாம்.

இறைச்சியும் பருப்பும்: 400 கிராம் இறைச்சிக்குப் பதிலாக 200 கிராம் இறைச்சியும், குழையாமல் அவித்து நீரை வடித்த மைசூர்ப் பருப்பு ஒரு கோப்பையும் போடுங்கள். மிளகும் பெருஞ்சீரகமும் இருந்தால் வித்தியாசம் அதிகம் தெரியாது. சிவப்பு இறைச்சி பாதியாகக் குறைகின்றது. நார்ச்சத்தும் கூடுகின்றது.

மீன்: ஊரில் ரின்மீனில் செய்த பற்றிஸை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே அவித்த மக்ரெல் அல்லது சாமன் மீனைப் பாவிக்கலாம். 2002 ஆய்வில் இலங்கையர் உட்படக் குடியேறிய சமூகங்களில் விற்றமின் டி குறைபாடு பரவலாக இருந்தது தெரியவந்தது. கொழுப்பு மீன் உண்பவர்களிடமும் மீனெண்ணெய் எடுப்பவர்களிடமும் நிலைமை நன்றாக இருந்தது. வெயில் குறைந்த இந்நாட்டில் இது சிறிய விடயம் அல்ல.

விரத நாட்களில்: அவித்த கடலையை அரைகுறையாக மசித்து, கீரை, வெங்காயம், செத்தல் மிளகாய் சேர்த்து வதக்குங்கள். மாவில் முட்டையை விட்டு, ஓரத்தை நீரால் ஒட்டலாம்.

பொரிப்பதா, வெதுப்புவதா? ஒரு கணக்கு

மேலே சொன்ன அளவில் செய்து போறணையில் வெதுப்பிய ஒரு பற்றிஸில் ஏறத்தாழ 115 கிலோகலோரி இருக்கும் என்பது எமது கணக்கு. அதையே எண்ணெயில் பொரித்து, அது 5 முதல் 6 கிராம் வரை எண்ணெய் குடித்தால், 165 கிலோகலோரி அளவில் வரும். ஏனெனில் 1 கிராம் எண்ணெயில் 9 கிலோகலோரி உண்டு. மூன்று பற்றிஸ் சாப்பிடும் ஒருவருக்கு வித்தியாசம் ஏறத்தாழ 150 கிலோகலோரி. ஒரு விசேடத்தில் பற்றிஸோடு ரோல்ஸும் கட்லட்டும் சாப்பிட்டால் இந்த வித்தியாசம் இன்னும் பெருகும்.

உங்கள் வீட்டுப் பற்றிஸ் எவ்வளவு எண்ணெய் குடிக்கின்றது என்பதை நீங்களே அறியலாம். பொரிக்க முன் எண்ணெயைக் குசினித் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். பொரித்து, முற்றாக ஆறிய பின் மீண்டும் நிறுங்கள். குறைந்த அளவைப் பற்றிஸ் எண்ணிக்கையால் பிரித்தால் விடை வரும். பிள்ளைகளுக்கு நல்ல கணிதப் பயிற்சியாகவும் இருக்கும்.

விசேடத்துக்குப் பொரித்துத்தான் ஆகவேண்டும் என்றால், எண்ணெய் 170 முதல் 180 பாகை வரை இருக்கும்போது சிலவற்றை மட்டும் போடுங்கள். சூடு குறைந்த எண்ணெயில் பலகாரம் வேக நேரம் எடுத்து, எண்ணெயில் ஊறிவிடும். கறுத்த, புகைக்கின்ற, கசக்கின்ற எண்ணெயை மீண்டும் பாவிக்க வேண்டாம். எண்ணெய் தீப்பற்றினால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை நிறுத்தி, தாச்சியை மூடியால் மூடுங்கள். தீ அடங்காவிட்டால் வெளியேறி 110 இலக்கத்துக்கு அழையுங்கள்.

நோய்க்கிருமிகள் விடயத்தில் கவனம்

முழுத்துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். அரைக்கும்போது அவை உள்ளே எங்கும் கலந்துவிடுகின்றன. ஆகவே அரைத்த இறைச்சி உள்வரை வேகவேண்டும். 2006 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோர்வேயில் ஈ.கோலி என்ற கிருமியின் ஆபத்தான வகையொன்று பரவி, 10 பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. ஒரு பிள்ளை உயிரிழந்தது. முதலில் அரைத்த இறைச்சி மீதே சந்தேகம் விழுந்தது. பின்னர் வேகவைக்காமல் பதப்படுத்திய செம்மறியாட்டுச் சொசேச்சே காரணம் எனக் கண்டறியப்பட்டது. சிறு பிள்ளைகளுக்கு இறைச்சி விடயத்தில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

எமது வீடுகளில் பெரிய ஆபத்து வேறொன்று. நாளைய விழாவுக்கு இன்றிரவே பெரிய சட்டியில் உள்ளீட்டைச் சமைத்து, மூடி, அடுப்பிலேயே விடியும்வரை விட்டுவிடுவது. பெரிய சட்டியின் நடுப்பகுதி பல மணி நேரம் இளஞ்சூட்டிலேயே இருக்கும். சமைத்தபின்னும் உயிர்தப்பும் சில கிருமிகள் அந்தச் சூட்டில்தான் வேகமாகப் பெருகுகின்றன. அவற்றில் சில வெளியிடும் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. எனவே,

• உள்ளீட்டை மெல்லியதாகத் தட்டங்களில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் 4 பாகைக் குளிரில் வையுங்கள்.
• பச்சை இறைச்சிக்குப் பாவித்த பலகை, கத்தி, கை ஆகியவற்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே மாவைத் தொடுங்கள்.
• மீண்டும் சூடாக்கும்போது நடுப்பகுதி 75 பாகை வரை சூடாக வேண்டும்.
• மண்டபத்தில் மணிக்கணக்காக வெளியில் இருந்த பற்றிஸை வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் உண்ண வேண்டாம்.
• வயிற்றோட்டம் உள்ளவர் சமைக்கக் கூடாது. சுகமாகி இரண்டு நாட்கள் கழித்தே பிறருக்கு உணவு தயாரிக்க வேண்டும்.

முன்கூட்டியே செய்ய விரும்பினால், வெதுப்பாத பற்றிஸைத் தட்டத்தில் தனித்தனியாக உறையவைத்து, பின்பு பையில் போட்டு 18 பாகை உறைகுளிரில் மூன்று மாதம் வரை வைக்கலாம். உருகவிடாமல் நேரே போறணையில் 200 பாகையில் 25 முதல் 30 நிமிடம் வையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

மேற்சொன்ன ஒரு பற்றிஸில் ஏறத்தாழ 12 கிராம் மாச்சத்து உண்டு. மூன்று சாப்பிட்டால் இரண்டு துண்டுப் பாணுக்குச் சமம். ஆகவே பற்றிஸ் "சும்மா ஒரு கடி" அல்ல, ஒரு சிறு சாப்பாடு. இரண்டு பற்றிஸும் ஒரு தட்டு சலாட்டும் எடுத்தால், அன்றைய இரவுச் சோற்றைக் குறைக்க வேண்டும். இன்சுலின் அல்லது சீனியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் உணவின் அளவை மாற்ற முன் வைத்தியருடன் கதையுங்கள். பலகாரத்தோடு குடிக்கும் சோடாவும் சீனி போட்ட தேநீரும் பற்றிஸை விட வேகமாக இரத்தத்தில் சீனியை ஏற்றும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவு இருந்தால், அல்லது கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்தால், உங்கள் குடும்ப வைத்தியரிடம் (ஃபாஸ்ட்லேக) நீண்டகாலச் சீனி அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. அந்த அளவு 48 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு எனக் கொள்ளப்படும். பலருக்கு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருப்பதில்லை.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து

பற்றிஸ் செய்வது ஒருவர் தனியே நின்று களைக்கும் வேலையாக இருக்கத் தேவையில்லை. மா உருட்டுவது அப்பாவின் வேலையாகவும், ஓரம் அழுத்துவது பிள்ளைகளின் வேலையாகவும் இருக்கட்டும். தன் கையால் கரட்டும் கோவாவும் வைத்து மூடிய பற்றிஸைப் பிள்ளை வேண்டாம் என்று சொல்வது அரிது. மறுநாள் பாடசாலை மதிய உணவுப் பெட்டிக்கும் இரண்டு எடுத்து வைக்கலாம்.

விழா நடத்துபவர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பலகாரத் தட்டில் பாதியாவது போறணையில் வெதுப்பியதாக இருக்கட்டும். பக்கத்தில் கரட், வெள்ளரிக்காய், பழத் துண்டுகள் ஆகியவற்றோடு ஒரு தட்டும், ஒரு குடம் தண்ணீரும் இருக்கட்டும். வந்தவரை உபசரிப்பது எமது பண்பு. அவருடைய சுகத்தையும் நினைத்து உபசரித்தால் அப்பண்பு மேலும் சிறக்கும்.